இன்னைக்கு யாரு திருப்புறது?

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் எழுந்ததும் கழுத்து பிடித்துக்கொண்டது. நாளெல்லாம் ஒளி மேசைமேல் கொக்கு மாதிரி குனிந்து நின்றால் வேறென்ன ஆகும்? தைலம் தேய்த்துக்கொண்டு போனேன்.

நிலையம் என்று பேர்தான் பெரிது. டயர் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில், பழைய தொலைபேசி இணைப்பகத்தின் பின்பகுதி. மேற்கு முனை ஓர் ஊரில், கிழக்கு முனை வேறோர் ஊரில், நான் நடுவில். கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது. நிதானம்தான். கிழக்கு முனையைப் பார்த்துக்கொள்பவன், படிக்கிற காலத்திலிருந்து என் கூட்டாளி. சோப்பு கரையும்வரை கை கழுவுவான் என்று நாங்கள் வைத்த பெயர். இப்போது அவன் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

பிறகு மேற்கு முனையில் இருக்கும் பட்டாசையும் இணைப்பில் சேர்ப்பான். சின்னப் பெண், பேச ஆரம்பித்தால் பொரிந்து தள்ளுவாள். மூன்று பேரும் வந்ததும் அவனுடைய கடைசிக் கேள்வி, "இன்னைக்கு யாரு திருப்புறது?" பதிலும் அவனே சொல்வான், "நான்தான்." தினமும் இதே கேள்வி, தினமும் இதே பதில். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறேன்.

இரவு மருந்துக்கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்த இவர், சாப்பிடும்போது ஆரம்பித்தார். "அந்தக் கண்ணாடி இழையில ஒளித்துகள் தூரம் போனா தொலைஞ்சிடும்னு சொன்னியே. நடுவுல நீ வாங்கிப் பெருக்கி அனுப்ப வேண்டியதுதானே?"

"பெருக்கணும்னா பிரதி எடுக்கணும். இதைப் பிரதி எடுக்கவே முடியாது. தொட்டா போச்சு."

"அப்புறம் நடுவுல உனக்கு என்னதான் வேலை?"

உப்பு டப்பாவை அந்தக் கோடியிலும் தண்ணீர் சொம்பை இந்தக் கோடியிலும் வைத்துச் சொன்னேன். மேற்குக்கும் எனக்கும் ஒரு பிணைப்பு, கிழக்குக்கும் எனக்கும் ஒரு பிணைப்பு. தூரம் பாதியாகிவிடுவதால் துகள் பிழைத்து வந்து சேரும். முதலில் கிடைத்த பிணைப்பை அவரவர் குளிர்ப்பெட்டியில் உள்ள படிகத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு மற்றதற்காகக் காத்திருப்போம். இரண்டும் கிடைத்ததும் என் கையில் உள்ள இரு நுனிகளையும் சேர்த்து அளப்பேன். அந்த நொடியோடு என்னிடம் இருந்தது போய்விடும். ஆனால் ஒன்றையொன்று பார்த்தேயிராத அந்த இரண்டு முனைகளும் பிணைந்துவிடும். அளக்கும்போது இரண்டு விதமான விடை வரலாம். ஒன்று வந்தால் சும்மா இருக்கலாம். மற்றது வந்தால், முனையில் இருப்பவர்களில் ஒருவர் மட்டும் தன் பக்கத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எந்த விடை வந்தது என்று சாதாரண லைனில் நான் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

"கல்யாணத் தரகர் வேலைன்னு சொல்லு. கமிஷன்கூட கிடையாது" என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

பிப்ரவரி 6, வெள்ளி

சாலை தோண்டியவர்கள் மேற்கு லைனை வெட்டிவிட்டார்கள். நாள் முழுக்க சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

இயக்குநர் வந்தார். ஏப்ரலில் மேலிடத்துப் பரிசீலனையாம். அதற்குள் முனைக்கு முனை பிணைப்பு வந்ததாகக் காட்டாவிட்டால் மூன்று நிலையத்துக்கும் பூட்டு. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் போனதும் முதல் வேலையாகக் காலைப் போனை நிறுத்தினேன். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் குசலம் விசாரிக்கிற நேரத்தில் ஒரு சோதனை ஓட்டம் ஓட்டிவிடலாம். நிதானத்திடம் சொன்னேன், "எல்லாத்தையும் கம்ப்யூட்டர் சொல்லுதுல்ல, நாம எதுக்கு?"

"கம்ப்யூட்டர் சொல்லும். கேட்டுச்சான்னு கேக்காது."

"தத்துவம் பேச நேரமில்ல."

"சரி, உன் இஷ்டம்" என்றான். அவன் அப்படிச் சொன்னால் மனசில்லாமல் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனை வைத்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

நாளைக்குத்தான் முனைக்கு முனை முதல் முழு ஓட்டம், இதுவரை எல்லாம் ஒத்திகை. சாயங்காலம் நெரிசலில் பேருந்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது பட்டாசு போன் செய்தாள்.

"அக்கா, உங்க செய்தி கிழக்குக்குப் போய்ச் சேர லேட்டாகுது. எனக்கு உடனே வருது. திருப்புறதை இங்கயே நான் செஞ்சிடட்டுமா? அவர் பாவம், எவ்வளவுதான் காத்திருப்பாரு?"

"செய், செய்" என்றேன். நல்ல யோசனைதான்.

நாளைக்கு மறக்கக் கூடாதவை: குடை ரிப்பேர். பல் டாக்டர். நிதானத்திடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் குடையைக் கொடுத்துவிட்டு நேராக நிலையம். போன் இல்லை, பேச்சில்லை, உடனே ஓட்டம்.

ஒன்றும் வரவில்லை.

நேர் சோதனையில் இரு முனைகளும் ஒத்துப்போகின்றன. குறுக்குச் சோதனையில்தான் பிணைப்பு உண்மையா என்று தெரியும். அதில் பூஜ்யம். நாணயம் சுண்டிய மாதிரி பாதி தடவை ஒத்துப்போகிறது, பாதி தடவை எதிராக, மொத்தத்தில் ஒன்றுமில்லை. காத்திருக்கும் நேரத்தில் ஏதோ ஒரு படிகம் தன்னிடம் இருந்ததை மறந்துவிட்டது என்றால் இப்படித்தான் வரும். எங்கள் லைனில் கிழக்கு எப்போதும் முதலில் வந்துவிடும், மேற்குக்காக அதிக நேரம் காத்திருப்பதும் அதுதான்.

நிதானத்துக்குப் போன் செய்து கத்தினேன். "உன் படிகம் எதையும் பிடிச்சு வைக்கல."

"தனியா பார்த்தா நல்லாதான் இருக்கு. எனக்கு ஒரு விஷயம் கேக்கணும், இங்க நான் வழக்கம்போல..."

"அப்புறம் பேசலாம்."

தலைவலி. மாத்திரை போட்டுப் படுக்கப்போகிறேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஒரு வாரமாகப் பூஜ்யம். டிடெக்டரை மாற்றினோம், இழையைச் சுத்தம் செய்தோம். மேற்குப் படிகம் புதிது. என்னுடையதும் புதிது. அவனுடையது ஒன்றுதான் பழசு.

"தனியா வச்சா நல்லாதான் இருக்கு" என்று மறுபடியும் சொல்கிறான்.

"தனியா நல்லா இருந்து என்ன பிரயோஜனம்? சேர்ந்து நிக்கணும்ல?" என்றேன். பட்டாசும் லைனில் இருந்தாள். அவள் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 9, திங்கள்

இயக்குநருக்குக் காரணம் வேண்டும், அதுவும் ஒரே வரியில். "எங்கேயோ தப்பு இருக்கு, தேடிக்கிட்டிருக்கோம்னு மேல சொல்ல முடியாதும்மா" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். கிழக்கு முனையின் படிகம் பழுது, பராமரிப்பு போதாது, மாற்ற வேண்டும்.

'பராமரிப்பு போதாது' என்று எழுதியபோது கை ஒரு கணம் நின்றது. நின்றதே தவிர, எழுதாமல் இல்லை.

இவர் கேட்டார், "அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"நாளைக்குச் சொல்றேன்."

மார்ச் 11, புதன்

நேற்றும் சொல்லவில்லை. இன்று அவனே போன் செய்தான். இயக்குநர் அலுவலகத்திலிருந்து யாரோ அனுப்பிவிட்டார்களாம்.

"அறிக்கையைப் பார்த்தேன்."

"நானே சொல்லணும்னுதான்..."

"பரவாயில்லங்க."

படிக்கிற காலத்திலிருந்து 'வாடி போடி' என்று பேசியவன். எனக்குக் கோபம்தான் வந்தது. அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது வருத்தப்பட? நான்தானே மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவள்?

இதை எழுதும்போதே அபத்தமாக இருக்கிறது. ஆனாலும் கோபம் போகவில்லை.

மார்ச் 20, வெள்ளி

நிதானம் போய்விட்டான். யாரும் போகச் சொல்லவில்லை. "வேற யாராவது பார்த்துக்கட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டானாம்.

மார்ச் 23, திங்கள்

கதவைத் திறந்து உள்ளே போனதும் போன் பக்கம் பார்த்தேன். அதை நிறுத்தியவளே நான். இத்தனை நாள் உறைக்காதது இன்றைக்கு உறைத்தது.

ஏப்ரல் 8, புதன்

கிழக்கில் புதிய படிகம், புதிய ஆள். குளிர்ப்பெட்டியைத் திறந்து பழையதை எடுத்து, புதியதை வைத்து, மறுபடி குளிரவைத்து, நிதானம் விட்டுப்போன அமைப்பை அப்படியே வைத்து ஓட்டினார். நேர் சோதனை சரி.

குறுக்குச் சோதனை பூஜ்யம். அதே பூஜ்யம். மறக்கிற படிகம் என்றால் புதியது கொஞ்சமாவது வேறு மாதிரி மறக்க வேண்டாமா?

இயக்குநர் மெதுவாகக் கேட்டார், "அப்ப முன்னாடி இருந்தவர்மேல தப்பு இல்லையோ?"



ஏப்ரல் 10, வெள்ளி

இன்று சாயங்காலம் நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

இருட்டத் தொடங்கியிருந்தது. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். நான் கீழேயிருந்து ஏறப் போனேன், இவர் மேலேயிருந்து இறங்க வந்தார். இருவரும் சுவிட்சைத் தட்டினோம். விளக்கு எரியவில்லை.

"பல்ப் போயிடுச்சு" என்றார் இவர்.

ஸ்டூல் போட்டு ஏறிப் புது பல்பை மாட்டினார். அதுவும் எரியவில்லை. "என்ன இது, கடைக்காரன் ஏமாத்திட்டானா?" நான் சும்மா கைபோன போக்கில் சுவிட்சை இன்னொரு தடவை தட்டினேன். எரிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டியிருக்கிறோம். நான் போட்டதை அவர் அணைத்துவிட்டார், அவர் போட்டதை நான் அணைத்துவிட்டேன். பல்ப் நல்லாத்தான் இருந்தது.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சு? கழுத்தா?"

ரெண்டு பேரும் திருப்பியிருக்காங்க. பட்டாசு எங்கிட்ட கேட்டா, நான் செய்யின்னேன். அவன்கிட்ட சொல்லவே இல்ல. அவன் பாட்டுக்குத் தினமும் செய்யற மாதிரி கிழக்குல திருப்பியிருக்கான், இவ மேற்குல திருப்பியிருக்கா. ரெண்டு தடவை திருப்பினா திருப்பாத மாதிரிதானே? பாதி நேரம் சரி, பாதி நேரம் தலைகீழ், கூட்டினா பூஜ்யம். படிகம் எதையுமே மறக்கல. மறந்தது நான். குடையை மட்டும் ஞாபகம் வச்சுக் கொடுத்தேனே — குடையை!

அவன் அன்னைக்கே கேக்க வந்தான். "வழக்கம்போல"ன்னு ஆரம்பிச்சான். அந்தக் காலைப் போன் இருந்திருந்தா? "இன்னைக்கு யாரு திருப்புறது?" "நான்தான்." "இல்ல சார், இன்னைக்கு நான்"னு பட்டாசு கத்தியிருப்பா. சிரிச்சிட்டு வேலையைப் பார்த்திருப்போம். அவ்வளவுதானே?

அவ்வளவுதான்.

ஏப்ரல் 11, சனி

விடுமுறை நாளிலும் போனேன். நான் அளந்த விடை ஒவ்வொன்றும் பதிவில் இருக்கிறது. இருவரும் திருப்பிய தடவைகளை மட்டும் தனியே எடுத்து, ஒரு திருப்பலைக் கணக்கிலிருந்து நீக்கினேன். புதிய படிகத்தின் ஓட்டத்தில் குறுக்குச் சோதனை ஒத்துப்போனது. பிணைப்பு இருக்கிறது.

பிறகு பழைய பதிவுகளை எடுத்தேன். எடுக்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு மனசு சொல்கிறது. பிப்ரவரி 17, முதல் நாள், முதல் ஓட்டம். அதிலும் இருக்கிறது. புதிய படிகத்தைவிட நன்றாகவே இருக்கிறது. இவ்வளவு தூரத்துக்கு நாங்கள் பிணைத்தது அன்றுதான், அவன் படிகத்தில்தான். அந்த நேரத்தில் நான் அவனிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

பட்டாசிடம் சொன்னேன். "அவருக்கு உதவியா இருக்கும்னுதான்க்கா செஞ்சேன்" என்று அழுதாள். அவளைத் தேற்ற எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? "உன்மேல ஒண்ணும் இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். உண்மையும் அதுதான்.

ஏப்ரல் 13, திங்கள்

இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். "சாதிச்சிட்டோம்னு சொல்லுங்க! அறிக்கையில 'தொடர்புக் கோளாறு'ன்னு திருத்திட்டாப் போதும்."

"கோளாறு இல்ல சார். நான்."

என் பெயரைப் போட்டே எழுதிக் கொடுத்தேன். கிழக்குப் படிகமும் பராமரிப்பும் குறையற்றவை, தவறு நடு நிலையத்துடையது. வாங்கிக்கொண்டார், இரண்டாம் தடவை படிக்கவில்லை. நிதானத்தைத் திரும்ப அழைக்க முடியுமா என்று கேட்டேன். "கேட்டுப் பாருங்க, ஆனா அவர் ஏதோ ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்துட்டாராமே?" என்றார்.

எனக்கு அதுகூடத் தெரியாது.

ஏப்ரல் 19, ஞாயிறு

அவன் வீட்டுக்குப் போனேன். தனியாக. இவர் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

அவன் மனைவி கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள், சிரிக்கவில்லை. அவன் கூடத்தில் மேசை விசிறியைப் பிரித்துப்போட்டு ஒவ்வோர் இறக்கையாகத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான்.

எல்லாம் சொன்னேன். பேருந்து, பட்டாசு, குடை, மாடிப்படி விளக்கு. குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அன்னைக்கு நீ கேக்க வந்தது அதுதானே?"

"ஆமா. நான் வழக்கம்போல திருப்பிக்கிட்டுதான் இருக்கேன், அங்க ஏதாவது மாத்தினீங்களான்னு."

"முதல் நாளே வந்திருக்கு. உன் படிகத்துல."

அவன் முகம் ஒரு நொடி மலர்ந்தது. வெறும் சந்தோஷம். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பிறகு கேட்டான், "படிகம் எங்க?"

"எடுத்து அலமாரியில வச்சிருக்கோம்."

"சூடாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

விசிறி இறக்கையை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த இறக்கை. ஆறு வருஷம் அதைச் சூடாகாமல் வைத்திருந்தவன். மின்சாரம் போன நாட்களில் குளிர்ப்பெட்டி பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தவன். நான்தான் 'பராமரிப்பு போதாது' என்று எழுதினேன்.

"என்னை மன்னிச்சிடுன்னு கேக்கறதுக்குக்கூட வாய் வரல" என்றேன்.

"நீங்க எழுதினதுகூடப் பெரிசில்ல. எழுதறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருக்கலாம். அவ்வளவு வருஷம் தினமும் காலைல பேசினோம், அது ஒண்ணை எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்."

 

"திரும்ப வா" என்றேன்.

"இல்லங்க. ஆஸ்பத்திரியில ஸ்கேன் மெஷினைப் பார்த்துக்கறேன். அதுவும் குளிர்லதான் ஓடுது. உள்ள படுக்கறவங்க ரொம்பப் பயப்படறாங்க. மைக்கும் எங்கிட்டதான். இடையில இடையில 'இருக்கீங்களா'ன்னு கேப்பேன். 'இருக்கேன்'னு சொல்லுவாங்க. கேக்கறதுக்கு நல்லாயிருக்கு."

இதைப் பற்றி எழுதப்போகும் கட்டுரையில் அவன் பெயரை முதலில் போடுகிறேன் என்றேன். எங்க வேணா போடுங்க என்றான். "தேதியை மட்டும் சரியா போடுங்க. பிப்ரவரி பதினேழு. அது போதும்."

வாசல் வரை வந்தான். முன்பெல்லாம் பேருந்து நிறுத்தம் வரை வருவான்.

மே 4, திங்கள்

காலைப் போனை மறுபடி ஆரம்பித்தோம். இப்போது கூப்பிடுவது நான். "இன்னைக்கு யாரு திருப்புறது?" என்றதும் கிழக்கில் புதியவர் சிரித்துவிட்டார். பட்டாசு சிரிக்கவில்லை.

ஜூன் 4, வியாழன்

கட்டுரை வெளியானது. முதல் பெயர் அவனுடையது. இரு முனைகளுக்கிடையே முதல் பிணைப்பு, பிப்ரவரி 17.

அன்றைக்கு இந்த நாட்குறிப்பில் என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. பக்கத்தைத் தேடிப் பார்க்கவில்லை. அடித்துத் திருத்தவும் மாட்டேன், அப்படியே கிடக்கட்டும்.

ஜூன் 23, செவ்வாய்

கழுத்து வலி கைவிரல் வரை இறங்கிவிட்டது. ஸ்கேன் எடுக்கச் சொல்லி மருத்துவர் இரண்டு இடம் சொன்னார். பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியதற்குப் போனேன். ஏன் என்று எனக்கே நான் பொய் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

போய்ச் சேர்ந்ததும் ஓர் இளம் செவிலியர்தான் என்னைப் படுக்கவைத்தார். அவனைக் காணோம். இன்று அவனுக்கு வேலை இல்லையோ என்று நினைத்தேன். காதில் ஹெட்போன் மாதிரி எதையோ மாட்டி, தலையை அசைக்க முடியாதபடி கட்டி, உள்ளே தள்ளினார்கள். மூக்குக்கு மேலேயே சுவர். மெஷின் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. எத்தனை குளிர்ப்பெட்டியோடு மல்லுக்கட்டியவள், எனக்கே பயமாக இருந்தது.

சத்தம் நின்றது. காதில் அவன் குரல்.

"இருக்கீங்களா?"

யார் படுத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியுமா? திரையில் பெயர் இருக்குமே. இல்லை, எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டானா? பதில் சொல்லாமல் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"அசையாம இரு. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

அசையவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது காதுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கையைத் தூக்கக் கூடாது. வெளியே வந்தபோது அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுத்த ஆளின் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தான், வழக்கம்போல ஒவ்வொரு வரியாக. தலையை நிமிர்த்தி ஒரு தடவை ஆட்டினான். நானும் ஆட்டினேன், கழுத்து வலித்தது.